வைக்கோலுக்குக் கீழே

செடியில் பழம் இல்லை. பழத்தின் பச்சைத் தொப்பி மட்டும் காம்போடு நின்றது, யாரோ குனிந்து வாயாலேயே இழுத்துக் கழற்றின மாதிரி.

நீக்கிலாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். கனடாவில், அஜக்ஸ் நகருக்கு அப்பால் இருக்கும் அந்த ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் பழம் பிடுங்க வரிசைக்கு ஓர் ஆள்தான். நேற்றுப் பிடுங்கி நிறுத்தின இடத்தில் அவரே அடையாளக் கொடி குத்திவிட்டுப் போனவர். கொடிக்கு அங்கால் வேறு எவனும் கைவைக்கக் கூடாது.

"மகேஸ்வரன்! ஆரடா என்ர வரிசைக்குள்ள பூந்தது?"

விடியக்காலை ஸ்காபரோவிலிருந்து எல்லோரையும் வான் வண்டியில் ஏற்றிவந்த மகேஸ்வரன் மூன்று வரிசை தள்ளி நின்று சிரித்தான். "வேற ஆர் அண்ணை? நீங்களே திண்டுபோட்டுக் கத்துறியள்."

"உன்னை மாதிரிக் களவாத் தின்னுற ஆளில்லை நான்."

அன்றைக்கு அவருக்கு எவனோடும் கதைக்க விருப்பமில்லை. வன்னியில் சண்டை முடிந்து முப்பத்தொரு நாள். மகள் அன்ரனெற் அங்கேதான் இருந்தாள். முகாமில் இருப்பவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை. காலையில் சப்பாத்துப் போடும்போதுதான் மனைவி வேரோனிக்கா சொன்னாள்: "பின்னேரம் பிள்ளைக்கு ஆத்துமப் பூசை. பேர் குடுத்திட்டன்."

"உயிரோட இருக்கிறவளுக்கோ? உனக்கென்ன விசரே?"

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

முழங்காலில் நகர்ந்து நகர்ந்து போனார். வெயில் ஏற, செடிகளுக்கு நடுவே பரப்பியிருந்த ஈர வைக்கோலிலிருந்து பழம் புளித்த வாசம் கிளம்பியது. அதற்கும் அடியிலிருந்து வேறொரு நாற்றம், காற்றுப் போகாத இடத்தில் பலபேர் நாட்கணக்காக நெருங்கியிருந்தால் வருகிற வேர்வையும் மண்ணும் மூத்திரமும் கலந்த நாற்றம், வந்து அவர் தொண்டையில் ஒட்டியது. பத்தடி தள்ளிப் பழுக்காத காய்களும் இல்லை. அதற்கும் அங்கால் இலைகள் இல்லை. அதற்கும் அங்கால் வெறும் கட்டைகள், பல் பதிந்த கட்டைகள்.

முயல் என்று சொல்லிப் பார்த்தார். முயலின் பல் இவ்வளவு அகலமில்லை.

சத்தம் கேட்டது. மெல்லும் சத்தம். கிட்டத்தில்.

கட்டையைத் தொட நீட்டின கை அப்படியே நின்றது. சத்தமும் நின்றது. கையை எடுத்தார். திரும்பவும் தொடங்கியது.

அவருக்கு நேர் கீழே.

ஓடியிருக்கலாம். கூப்பிட்டால் மகேஸ்வரன் வந்திருப்பான். ஆனால் அவர் வைக்கோலை விலக்கினார். மண் இருக்கவேண்டிய இடத்தில் மண் இல்லை. இருட்டு. ஆள் இறங்கும் அளவுக்குத் தோண்டின ஒரு கிடங்கு. சூடான மூச்சு முகத்தில் அடித்தது.

"அப்பா."

அன்ரனெற்றின் குரல். அவர் இன்னும் குனிந்தார்.

"நீங்கள் சொன்னமாதிரித்தான் இருக்கிறன் அப்பா. வெளியில வரேல்லை."

ஏப்ரலில் கடைசி டெலிபோன். சனமெல்லாம் ஆமிப் பக்கம் போகுது, நானும் போகவோ என்று அவள் கேட்டாள். ஒருத்தரையும் நம்பாதே, குண்டுக்கு வெட்டின பங்கருக்குள்ளேயே கிட என்று கத்தினவர் இவர்தான். வேரோனிக்காவுக்கு இதுவரை அவர் அதைச் சொல்லவில்லை.

"வா பிள்ளை," என்றார். கையை உள்ளே நீட்டினார். "ஏறி வா."

ஒரு கை வந்தது. விரல்கள் முழுக்கச் சிவப்பு. பழச்சாறு. பழச்சாறுதான்.

அப்போது மேலே ஒரு சின்ன விமானம் இரைந்துகொண்டு தாழப் போனது.

கை விருட்டென்று உள்ளே போனது. "மூடுங்கோ அப்பா! கெதியா மூடுங்கோ!"

மூடினார். யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் வைக்கோலை வாரி வாரிப் போட்டார். மண்ணை அள்ளிப் போட்டார். இரைச்சல் தேய்ந்து போகும்வரை போட்டார். பிறகு தோண்டினார். நகம் பிய்யத் தோண்டினார்.

மண். வெறும் மண். கெட்டியான மண்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?" மகேஸ்வரன் கூப்பிட்டான்.

நீக்கிலாப்பிள்ளை தலையைத் தூக்கினார். காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. தோட்டத்தின் மறுகரைவரை, எல்லா வரிசைகளிலும், வைக்கோல் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது. மகேஸ்வரன் முழங்கால் ஊன்றியிருந்த இடத்திலும்.