ஓசையற்ற வயிறு

பிற்பகல் மூன்றே கால். மழை இருட்டுக்கு வார்டு விளக்குகளை அப்போதே போட்டிருந்தார்கள். வேறு வார்டிலிருந்து அன்றுதான் மாற்றலாகி வந்திருந்த நர்ஸ், கோடிக் கட்டிலருகே வந்து நின்றாள்.

அதில் படுத்திருந்தவர் குடலில் அறுவை சிகிச்சை முடிந்தவர். வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. மூக்கில் செருகிய குழாய் வழியே பச்சை நீர் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குடல் இன்னும் விழிக்கவில்லை.

"காத்து பிரிஞ்சுச்சா?"

"வீட்ல வேணாம்னு சொன்னாலும் விடுவாரு சிஸ்டர்," என்றாள் அவர் மனைவி. "இங்க இத்தனை பேர் கெஞ்சுறோம், பிகு பண்றாரு."

நோயாளி சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. உதடுகள் வெடித்திருந்தன.

"ஒரு வாய் தண்ணி."

"வயித்துல சத்தம் கேக்கட்டும் ஐயா. அதுக்கு முன்னாடி குடிச்சா வாந்தி வந்து மூச்சுக்குழல்ல இறங்கிடும். உயிருக்கே ஆபத்து."

மனைவி பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். வெறும் இரும்புக் கட்டில். மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்.

"அதுல இருந்தவரு தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போய்ட்டாராம். பெருக்குற அம்மா சொன்னாங்க."

"அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

அவள் போனதும் நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்களை மூடினாள்.

ஒன்றுமில்லை.

இடம் மாற்றி வைத்தாள். காத்திருந்தாள். ஜன்னலில் மழை மட்டும்.

பிறகு, வெகு ஆழத்தில், ஒரு களக்.

இன்னொன்று.

அவள் மனம் லேசானது. "சத்தம் வந்துடுச்சு ஐயா. வந்தா ஒரு ஸ்பூன் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி மொண்டுகொண்டாள். டம்ளரை இரண்டு கட்டில்களுக்கும் நடுவே இருந்த ஸ்டூலில் வைத்தாள். கரண்டி அவர் உதட்டை நெருங்கியது. ஸ்டெதஸ்கோப் இன்னும் அவள் காதில் இருந்தது. அதன் வட்டு எதன்மீதும் படாமல் காற்றில் தொங்கியது.

களக். களக்.

கை நின்றது.

வட்டை மறுபடியும் அவர் வயிற்றில் வைத்தாள். மௌனம். தொட்டுப் பார்த்தாள். அதே மத்தளம்.

மெல்லத் திரும்பி, வட்டைப் பக்கத்துக் கட்டில் பக்கம் நீட்டினாள்.

சத்தம் நெருங்கியது. குடல் அசையும் சத்தமல்ல அது. யாரோ அவசர அவசரமாக விழுங்கும் சத்தம்.

காதிலிருந்து பிடுங்கினாள். கரண்டி கீழே விழுந்தது.

ஸ்டூலில் டம்ளர் காலியாக இருந்தது.

சுருட்டி வைத்திருந்த மெத்தை, கால்மாடு வரை விரிந்து கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம்.

நோயாளி தலையை அந்தப் பக்கம் சாய்த்து, யாரோ பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்.

"அவருக்கு இன்னும் தாகம் அடங்கலயாம் சிஸ்டர். என் வாயால குடிச்சுக்கவான்னு கேக்குறாரு. சரின்னு சொல்லிடவா?"