மூன்றாவது பிராணி

மூன்றாவதாக வந்ததும் கூண்டின் அதே மூலையில்தான் போய் ஒட்டிக்கொண்டது.

முதலில் வந்தது ஹாம்ஸ்டர், வால் குட்டையான குண்டு எலி. சக்கரத்தில் ஏறி ஓடும், பார்த்தால் நேரம் போவதே தெரியாது என்றார் கடைக்காரர். அது மரத்தூளையெல்லாம் வாரி ஒரு மூலையில் குவித்து, குவியலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. சக்கரம் தேயாமல் இருந்ததுதான் மிச்சம். அதைக் கொடுத்துவிட்டு அவள் கினிப் பன்றி வாங்கி வந்தாள். மடியில் தூங்கும் என்றார். அவள் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தாலே அது அதே மூலையில் கல்லாகச் சமைந்து நின்றது. பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க மற்றவர்களை அசையாதீர்கள் அசையாதீர்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டுக்கு வந்து ஒரு கினிப் பன்றியிடம் கொஞ்சம் அசையேன் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. வெளியூரிலேயே கிடக்கும் அப்பாவை நினைத்து மகள் ஏங்காமல் இருக்கட்டுமே என்றுதான் இந்த ஏற்பாடே. ஓர் எலியைப் பார்த்து வாங்கக்கூடத் துப்பில்லையா எனக்கு என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இப்போது ஜெர்பில். நீண்ட வாலும் பெரிய கண்ணுமாக அதுவும் எலி ஜாதிதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மடித்த துணிகளோடு அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது அது பின்னங்கால்களால் கூண்டின் தரையைத் தட்டத் தொடங்கியது. தட் தட் தட். அவள் நின்று பார்த்தாள், தட்டிக்கொண்டே இருந்தது. சமையலறைக்குத் திரும்பினாள், நின்றுவிட்டது.

கடைக்காரருக்குப் போன் செய்தாள். மறுபடியும் மாற்றிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அலுத்துக்கொண்டே பேசினார். ஆபத்து வருவதைத் தன் கூட்டத்துக்குச் சொல்ல ஜெர்பில் அப்படித்தான் தட்டும், உங்களிடம் பழகிவிட்டால் விட்டுவிடும் என்றார். என்னைப் பார்த்தால் ஆபத்து மாதிரியா இருக்கிறது என்று கேட்க வந்தவள், கேட்காமலே போனை வைத்துவிட்டாள்.

கூடத்தில் மகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஜெர்பில் அவள் உள்ளங்கையில் ஏறி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தது. இவள் வாசல்படியில் நின்றாளோ இல்லையோ, குதித்துக் கூண்டு மூலைக்கு ஓடியது. தட் தட் தட்.

"நீ வேலைக்குப் போனப்புறம் நல்லாத்தான் விளையாடுதும்மா. சித்தி வந்தாக்கூட ஒண்ணும் பண்ணல," என்றாள் மகள்.

"அப்ப என்னைத்தான் அதுக்குப் பிடிக்கல."

மகள் தலையைச் சாய்த்து, ஜெர்பிலின் கண் போன திசையைப் பார்த்தாள். "அது உன்னைப் பாக்கலம்மா. உனக்குப் பின்னாடி பாக்குது."

திரும்பினாள். சுவரில் வெயில் சாய்ந்து விழும் அந்தக் குறுகிய நடை, அதன் கோடியில் பாதி திறந்த படுக்கையறைக் கதவு, அவளுடைய செருப்பு, குடை, கைகளில் இருந்த துணியின் சோப்பு மணம், அதற்கும் அடியில் நாலு நாள் வாளியில் ஊறிய துணியைப் போன்ற ஒரு லேசான வாடை. வேறு யாரும் இல்லை. கூடத்துக்குள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். ஜெர்பிலின் கண்கள் அவளோடு வரவில்லை. அவள் விட்டு வந்த இடத்திலேயே நின்றன. பிறகு மெல்ல நகர்ந்து, ஓரடி தாமதமாக, அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தன.

இத்தனை நாளும் இதைக் கூட்டிக்கொண்டுதான் மகளுக்குத் தலை வாரினாளா? இதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் குனிந்து முத்தமிட்டாளா? மூன்று பிராணிகளும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கின்றன. தான்தான் இரண்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பயத்தை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது. என்னோடு வந்ததுதானே, என்னோடு போகட்டும். மகளிடம் மட்டும் இருக்கக் கூடாது.

துணியைக் கீழே வைத்தாள்.

"அம்மா கீழ போயிட்டு வந்துடறேன். யார் தட்டினாலும் திறக்காத."

சாவியை எடுக்காமல், தானே பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவில் காதை வைத்தாள்.

தட்டல் நின்றிருந்தது.

அப்படியென்றால் இங்கே இருக்கிறது. இவளோடு. திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து கூசியது. அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும். மகள் தப்பித்தாள். இனி வீட்டுக்குப் போக முடியாது. பரவாயில்லை. சித்தியை வரச் சொல்லலாம். சொல்லிவிட்டு எங்காவது போய்விடலாம்.

தட்.

உள்ளே.

தட் தட் தட்.

அவள் அசையவேயில்லை. கதவைத் தொடவும் இல்லை.

"அதுக்குள்ள வந்துட்டியாம்மா?" என்றாள் மகள் உள்ளே, சந்தோஷமாக.

அவள் கத்தினாள். இரண்டு கையாலும் கதவை அடித்தாள். உள்ளே தட்டல் நின்றது. பிறகு, கதவின் அந்தப் பக்கத்தில், மேல் தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

நாற்காலி போட்டு ஏறினாலும் மகளுக்கு அது எட்டாது.