நாறாத பட்டை

போன் அலறியது!

ஒஃபீலியா பராசா அடுப்பில் முட்டையைப் பாதி புரட்டியிருந்தாள். சனிக்கிழமை காலை. முந்தின நாள் ஃபுட்பால் ஆட்டம் பார்த்த அசதியில் மெஸ்கீட் பென்ட் ஊரே இன்னும் போர்வைக்குள் கிடந்தது.

"ஒஃபீலியா? கர்ட் ஹானெக் பேசறேன்."

ஷெரீஃப் ஆபீசின் துப்பறியும் அதிகாரி. நல்ல செய்தி சொல்ல அவர் போன் செய்ததாகச் சரித்திரமே இல்லை.

"சொல்லுங்க கர்ட்."

"லெஸ்டரைக் கொன்னுட்டாங்க."

"அடகுக்கடை லெஸ்டரையா?"

"அவரேதான். கடைக்குள்ளயே... பின்மண்டையில அடி. நேத்து ஊரே மைதானத்துல கத்திட்டிருந்த நேரம் பார்த்து."

"ஐயோ பாவம்! அதுக்கு எனக்கு எதுக்கு போன்?"

"கொன்னது உங்க பையன்!"

ஒஃபீலியாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் தப்பு செய்து மாட்டி, 'ஜெயில் வேண்டாம், கண்காணிப்பில் இருந்து திருந்து' என்று கோர்ட் விட்டுவைத்த பொடியன்கள் அந்த மாவட்டத்தில், ஊர்வழக்கில் கவுண்டியில், நிறையப் பேர். அவர்களை மேய்ப்பவர்கள் நன்னடத்தை அதிகாரிகள். அந்த அதிகாரிகளை மேய்ப்பவள் மூத்த மேற்பார்வையாளர் ஒஃபீலியா. பையன் சறுக்கினால் அதிகாரிக்குத் திட்டு. அதிகாரி சறுக்கினால் அவளுக்கு.

"எந்தப் பையன்?"

"எலியாஸ் ரென்டெரியா. வீட்டைத் தாண்டக் கூடாதுன்னு கோர்ட் கால்ல மாட்டின கண்காணிப்புப் பட்டையே காட்டிக்கொடுத்திருச்சு. வீட்டுலேர்ந்து கிளம்பி, நேரா லெஸ்டர் கடை, திரும்ப வீடு. கம்ப்யூட்டர்ல கோடு போட்ட மாதிரி இருக்கு!"

முட்டை கருகியது. அவள் கார் சாவியைத் தேடினாள்.

*

சிறுவர் காப்பகத்தின் வராந்தா.

ஒஃபீலியா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி நடந்தாள்.

"உக்காருங்களேன். பார்க்கிற எனக்குத் தலை சுத்துது!" என்றார் ஹானெக், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"காரையே வேண்டாம்னு விட்டவன் கர்ட் அவன்!"

"காரைத் திருடினவன், ஒஃபீலியா."

"ஒரு தெரு தள்ளிப் போயிட்டு, பயந்துபோய் திரும்பக் கொண்டுவந்து விட்டான். அந்தப் பையன் மண்டையில அடிப்பானா?"

பெஞ்சின் ஓரத்தில் வேட் டில்லரி காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். எலியாஸுக்கு நன்னடத்தை அதிகாரி அவன்தான். கண்கள் சிவந்திருந்தன.

"தப்பு என் மேலதான் மேடம். நேத்து டூட்டி என்னுது, பட்டை அனுப்பற எச்சரிக்கையெல்லாம் என் போனுக்குத்தான் வரும். பையன் வீட்டைத் தாண்டிட்டான்னு வந்துச்சு. நான் மைதானத்துல இருந்தேன்... சாட்டிலைட் கோளாறுன்னு அமுக்கிட்டேன்."

அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. வீட்டில் குறட்டை விடும் பையனை அந்த இயந்திரம் ஏரி நடுவில் நிற்பதாகக் காட்டிய கதைகள் ஏராளம்.

"மதியம் நீதிபதி வர்றார்," என்றார் ஹானெக். "பெரியவங்க கோர்ட்டுக்கு மாத்தணும்னு அரசு வக்கீல் கேக்கப்போறார்."

அந்தக் கோர்ட்டுக்குப் போனால் பதினாறு வயசு எலியாஸ் நரைத்த தலையோடுதான் வெளியே வருவான்.

"ஒத்துக்கச் சொல்லுங்க மேடம்," என்றான் வேட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒத்துக்கிட்டா கொஞ்சமாவது கருணை கிடைக்கும். சின்னப் பையன்..."

"இவன் மனசு தங்கம்!" ஹானெக் அவன் தோளைத் தட்டினார். "அது கெடக்கட்டும் வேட்... நேத்து காளை என்னமா ஆடிச்சு! என் பொண்ணு அதை விட்டு நகரமாட்டேன்னுட்டா. உள்ள யாருய்யா? வேஷத்தைப் பூட்டி வைக்கிறவன் நீ. உனக்கு மட்டும்தான் தெரியும்!"

"சொன்னா தோத்துருவோம் சார்!"

சொல்லத்தான் கூடாது. ஆட்டத்தின்போது பள்ளிக்கூட அணிக்கு உற்சாகமூட்ட ஆடும் காளை வேஷத்துக்குள் இருப்பது யார் என்பது, வருஷத்தின் கடைசி ஆட்டம் முடிந்து தலையைக் கழற்றும்வரை பரம ரகசியம். அந்த ஊரில் வேறு எந்த ரகசியமும் ஒரு நாள் தாங்காது. இது மட்டும் தாங்கும்.

"நான் பையனைத் தனியா பார்க்கணும்," என்றாள் ஒஃபீலியா.

*

எலியாஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கொன்னியா?"

"இல்ல மிஸ்."

"அப்ப எங்கடா இருந்தே?"

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"டேய்! மதியத்துக்குள்ள நீ வாயைத் திறக்கலைன்னா, அப்புறம் திறந்து பிரயோஜனமே இல்ல!"

"வீட்டுலதான் இருந்தேன்..."

பச்சைப் பொய். கண் தரையில் இருந்தது. ஒஃபீலியாவின் கண்ணும் அங்கேயே போனது. அவன் கணுக்காலுக்கு. கறுப்புப் பட்டை, அதில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி.

சட்டென்று மண்டியிட்டாள். அவன் காலைப் பிடித்தாள். குனிந்து...

மோந்து பார்த்தாள்!

"மிஸ்! என்ன பண்றீங்க!"

"இதை எப்ப போட்டாங்க?"

"ஸ்கூல் திறந்தப்ப..."

"இப்ப குளிர்காலம் வந்தாச்சு. பட்டை போட்ட பசங்க என் ரூமுக்கு வந்தா நான் முதல்ல ஜன்னலைத் திறப்பேன். வேர்வை, சாக்ஸ், சோப்பு... எல்லாம் சேர்ந்து ஊறி, செத்த எலி தோத்துப்போகும்! உன் பட்டை புதுச் செருப்பு மாதிரி மணக்குதே?"

எலியாஸின் முகம் வெளுத்தது.

"வெட்டாம இதைக் கழட்ட முடியாது. வெட்டினா புதுசு போடணும். புதுசு எங்க அதிகாரிங்க கையில மட்டும்தான் இருக்கு. யாருடா மாத்தினது? வேட்டா?"

"நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். அவர் எனக்கு நல்லதுதான் பண்ணினார்!"

"அந்த நல்லவன்தான் வெளியில உக்காந்து உன்னைக் கொலையை ஒத்துக்கச் சொல்றான்!"

பையன் கதவைப் பார்த்தான்.

"சொன்னா... வீட்டுக்காவலை மீறினேன்னு உள்ள போட்டுருவீங்க. அடுத்த தப்புக்கு மன்னிப்பே கிடையாதுன்னு நீதிபதி சொல்லியிருக்கார். எங்கம்மா தனியா..."

"மீறினதுக்கு என்ன தண்டனைன்னு நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கிறது யாரு தெரியுமா? நான்! கொலைக்கு என்னால எழுத முடியாதுடா. சொல்லு!"

சொன்னான். அழுதுகொண்டே சொன்னான்.

ஒஃபீலியாவுக்கும் அழுகை வந்தது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

*

ஹானெக்கையும் வேட் டில்லரியையும் உள்ளே கூப்பிட்டு, பட்டை நாறாத கதையைச் சொல்லி, ஒஃபீலியா வேட் பக்கம் விரலை நீட்டினாள். "பட்டையை வெட்டி, கருவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு லெஸ்டர் கடைக்குப் போனது நீ!"

வேட் சிரிக்கப் பார்த்தான். "மேடம், ஒரு பட்டை நாறலைங்கறதுக்காக..."

"வெட்டின எச்சரிக்கையும் உன் போனுக்குத்தான் வரும். பட்டைக்குப் பராமரிப்பு வேலைன்னு பதிஞ்சு அதை அமுக்கினே. வேலை முடிஞ்சதும் அதே கருவியைப் புதுப் பட்டையில மாட்டி இவன் கால்ல போட்டே."

"சரி... அந்த நேரம் இவன் எங்க இருந்தான்? கேளுங்க சார்!"

"மைதானத்துல," என்றாள் ஒஃபீலியா. "காளைக்குள்ள!"

ஹானெக் நிமிர்ந்தார்.

"போன வருஷக் காளையே இவன்தான். 'இந்த வருஷப் பையனுக்குக் காய்ச்சல், ஒரு ஆட்டத்துக்கு நீ வா, பட்டையோட காலைக் குளம்புக்குள்ள நுழைக்க முடியாது, வெட்டிடறேன், வெளிய மூச்சு விடாதே'ன்னு ஆசை காட்டினது இந்தத் தங்க மனசுக்காரன். ஊரே இவனைப் பார்த்துச்சு. ஒருத்தரும் முகத்தைப் பார்க்கலை. அதுக்குத்தானே வேட் காளையைத் தேர்ந்தெடுத்தே?"

"கட்டுக்கதை!" வேட் எழுந்தான். "உள்ள இருந்தது இவன்னு யார் சாட்சி? நிரூபிங்க!"

ஹானெக் ஒஃபீலியாவைப் பார்த்தார்.

எலியாஸ் மெல்ல ஹானெக் பக்கம் திரும்பினான்.

"சார்... உங்க பொண்ணோட போட்டோ எடுத்தீங்களே. அப்ப காளை காதுல ஒண்ணு சொன்னீங்க."

ஹானெக்கின் முகம் மாறியது. "என்ன சொன்னேன்?"

"இங்க சொல்லவா சார்?"

"சொல்லு!"

"'காளை, இது எனக்கு மூணாவது சர்க்கரைப் பணியாரம். டாக்டர் இனிப்பே ஆகாதுன்னுட்டார். டாரிஸ் கேட்டா நீதான் தின்னேன்னு சொல்லிரு'... மிச்சத்தை என் மூஞ்சியில தேய்ச்சு விட்டீங்க!"

டாரிஸ், திருமதி ஹானெக்.

ஹானெக் தன் போனை எடுத்தார். போட்டோவைப் பெரிதாக்கினார். மகள்... பக்கத்தில் காளை... காளையின் மூக்கு முழுக்க வெள்ளைச் சர்க்கரை! கீழே நேரம் பார்த்தார். பட்டையின் கணக்குப்படி எலியாஸ் லெஸ்டர் கடைக்குள் இருந்த அதே நேரம்.

கொலை விசாரணையில் தானே சாட்சி! இருபது வருஷ சர்வீஸில் இது முதல் தடவை.

அவர் விலங்கை எடுத்தார். வேட் டில்லரி கதவைப் பார்த்தான். கதவை மறித்து ஒஃபீலியா நின்றாள்.

"ஏன்டா?" என்றாள்.

வேட் பொத்தென்று உட்கார்ந்தான். "சோதனைன்னு பசங்க வீட்டுக்குள்ள போவேன்... கண்ணுல பட்டதை எடுத்து லெஸ்டர்கிட்ட விப்பேன். திடீர்னு அவனுக்கு மனசாட்சி முளைச்சிருச்சு... உங்ககிட்ட சொல்லப்போறேன்னான்."

விலங்கு 'க்ளிக்' என்றது.

வேட் டில்லரியை ஹானெக் கூட்டிக்கொண்டு போன பிறகு எலியாஸ் கேட்டான். "வீட்டுக்குப் போகலாமா மிஸ்?"

"நீதிபதிகிட்ட நான் பேசறேன். அம்மா சமைக்கிறதை ராத்திரி வீட்டுலயே சாப்பிடுவே. ஆனா காவலை மீறினது மீறினதுதான். தண்டனை உண்டு!"

"என்ன மிஸ்?"

"காளை வேஷத்தை உன் கையால துவைக்கணும்."

"ஐயோ! அதைத் துவைச்சதே இல்ல மிஸ்! உள்ள மூச்சே விட முடியாது!"

திரும்பி வந்த ஹானெக் வாசலில் நின்று கேட்டார்.

"துவைச்சானா இல்லையான்னு அதையும் மோந்து பார்ப்பீங்களா ஒஃபீலியா?"

"என் மூக்குக்கு கவுண்டி குடுக்கிற சம்பளம் கணுக்கால் வரைக்கும்தான், கர்ட். காளையை நீங்க மோந்து பாருங்க... காதுல ரகசியம் பேசற அளவுக்குப் பழக்கம் உங்களுக்குத்தானே!"