சுண்ணாம்பு காயும் நேரம்

ஆட்டை அவிழ்த்துவிட்ட குற்றத்துக்காக ரோசம்மா திட்டு வாங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் புதுச்சேரியின் பழைய தெருவில் தினமும் காலையில் அவளுக்குத் திட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அதைக் காதுபேசியில் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வழிகாட்டி அமலோற்பவம் சுவரில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகலக் கருவியைக் காட்டித் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இதுதாங்க சுவர்ச்செவி. சுண்ணாம்பு அடிச்சா, காயுற வரைக்கும் பக்கத்துல பேசறது அதுல பதிஞ்சிடும். ஒரு வருஷம் இறுகினப்புறம் இது எடுத்துக் குடுக்கும். நம்ம ஜனங்க பண்டிகைக்குப் பண்டிகை வெள்ளையடிச்சாங்களா, பூச்சுக்குப் பூச்சு பேச்சு இருக்கு."

அதனால் அந்த ஊரின் சரித்திரம் முழுக்கப் பண்டிகைக்கு முந்தைய நாட்களின் சரித்திரமாகவே கிடைத்தது. கவர்னர்கள் பேசிய முக்கியமான விஷயம் ஒன்றுகூடத் தேறவில்லை. 'சுவத்துல சாயாதே' என்ற அதட்டல் மட்டும் தமிழிலும் பிரெஞ்சிலும் ஏராளம்.

சுவர்ச்செவி ரொம்பவே நுணுக்கமானது. வெளியே யாராவது இருமினால்கூடப் பழைய குரல் கலைந்துவிடும். ஆகவே குழு வரும்போது குடியிருப்பவர்கள் பாத்திரம் தேய்ப்பதைக்கூட நிறுத்திவிட வேண்டும். இந்த விஷயத்தில் அமலோற்பவம் படு கண்டிப்பு.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் கணவர் சவரிநாதன் தன் கையாலேயே வீட்டுக்கு வெள்ளையடித்தார். புத்தாண்டு பிறப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். வெள்ளையடித்த அன்று அவளிடம் என்னவோ சொன்னதாக ஞாபகம். குழுவின் அவசரத்தில் அது அவள் மனதில் தங்கவில்லை. கைபேசியில் அவர் குரல் நிறைய இருந்தது. எல்லாம் பால், கேஸ், 'தோ வந்துட்டேன்'. அந்த ஒரு பேச்சு என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வருஷமாக மனதைக் கட்டிப்போட்டுக் காத்திருந்தாள். சுவர் இப்போதுதான் இறுகியிருந்தது.

"இந்த வீட்டுலயும் கேக்கலாமுங்களா?" என்று சேலத்து அம்மாள் ஒருத்தி அவள் வீட்டையே காட்டிக் கேட்டாள்.

அமலோற்பவம் கருவியைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டினாள். எல்லோர் காதிலும் வெள்ளையடிக்கும் மட்டையின் சரசரப்பு கேட்டது. பிறகு ஒரு கனைப்பு.

"அமலா, செத்த இங்க வாயேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா..."

"ஐயோ, கொஞ்சம் வாய மூடுங்களேன்! ஆளுங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க!"

அதுவும் சுவரிலிருந்துதான் வந்தது; போன வருஷத்து அவள் குரல். மறுபடியும் சரசரப்பு. அமலோற்பவம் கருவியைத் தள்ளித் தள்ளி ஒட்டிச் சுவர் முழுக்கத் தேடினாள். எங்கும் மட்டைச் சத்தம்தான். அவர் எதையும் சொல்லியிருக்கவே இல்லை.

சேலத்து அம்மாள் காதுபேசியைக் கழற்றினாள். "பாவம், அந்த மனுசன் என்னமோ சொல்ல வந்தாரு. அந்தப் பொம்பள விடல பாருங்க. அப்புறமாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க" என்றாள் அமலோற்பவம். அவர் வாயை நாமே அடைத்துவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது.

எதிர்வீட்டில் ஏணிமேல் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர், உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். குழுவில் நாலு பேர் ஒரே சமயத்தில் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார்கள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தார்.