நிற்காமல் பாடிய மதியம்

சமையலறை ஸ்பீக்கரில் பாட்டு நின்றபோது சகாயராணி தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியும் நின்றது. அவள் நிறுத்தவில்லை, கை தானாக நின்றுவிட்டது. மழை விட்டபின் வாழை இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், திருப்பத்தில் தர்மபுரி பஸ் கியர் மாற்றுவதும், அடுப்பில் பருப்பு கொதித்து மூடியைத் தட்டுவதுமாக, இத்தனை நேரம் பாட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சில மூச்சு நேரம்தான். அப்புறம் விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடர்ந்தது. அவள் அடுத்த தக்காளியை எடுத்தாள். அதைப் பாதி நறுக்குவதற்குள் மறுபடி நின்றது.

ஒரு வாரமாக இதே கதை. அவள் புருஷன் மரிய ஆனந்துக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. இண்டூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுப்பதுதான் அவன் தொழில். "ஊருக்கெல்லாம் நெட் குடுக்கறவன் வூட்டுலயே பாட்டு சிக்குதுன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட கனெக்ஷன் வாங்குவான்" என்று புலம்பிக்கொண்டே ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டான், ரௌட்டரை பீரோ மேலிருந்து ஹால் சுவருக்கு மாற்றினான், போனில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதியை எடுத்துவிட்டான். பாட்டு அவன் தலை மறையும் வரை ஒழுங்காகப் பாடும். சாயங்காலம் அவள் தனியாக இருக்கும்போது நிற்கும்.

நேற்று அவன் லேப்டாப்போடு ஹாலில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தான். பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்தான்.

"லைன் நிக்கவே இல்ல சகாயம். சிக்கறதே வேற மாதிரி இருக்கும். இது யாரோ நிறுத்தி நிறுத்தி விடறாங்க."

"வூட்டுல நான் ஒருத்திதானே இருக்கறேன்" என்றாள்.

"அதான் பாக்கறேன்." போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு குரல் இறங்கியது. "அம்மா ரூம் ஸ்பீக்கர் பண்ற வேல இது."

அவன் அம்மா ஞானமேரி பக்கவாதத்தில் படுத்த பிறகுதான் வீட்டில் அறைக்கொரு ஸ்பீக்கர் வந்தது. அம்மாவின் அறையில் வைத்ததில் மட்டும் மைக் உண்டு. அந்த அறையில் குரல் கேட்டால் வீடு முழுக்கப் பாட்டு நிற்கும், குரல் அடங்கினால் தொடரும். அம்மா கூப்பிடுவது பாட்டுச் சத்தத்தில் சகாயராணி காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று அவனே யோசித்துச் செய்து வைத்த ஏற்பாடு அது. ஞானமேரி போய்ச் சேர்ந்து மாதம் ஒன்று ஆகப்போகிறது. அறையை அலசிவிட்டு, மெத்தையை எரித்துவிட்டு, வெறும் கட்டிலோடு சாத்தியது சாத்தியபடி இருக்கிறது.

"அத ஆஃப் பண்ணிடுங்களேன்."

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்த அறை வாசற்படியை அவன் மிதிக்கவில்லை. "ஏதாவது பல்லி கத்தியிருக்கும். அம்மாவுக்குன்னு நான் என் கையால பண்ணிக் குடுத்தது அது ஒண்ணுதான். முப்பதாம் நாள் பூச முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னான். "நான் இல்லாட்டியும் நீ இருந்தியே. கடைசி மூச்சு வரைக்கும் கையப் புடிச்சிக்கிட்டு, செபத்துக்குப் பதில் சொல்லி அனுப்பி வச்சியே. அது போதும் எனக்கு."

சகாயராணி துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள்.

அவள் அப்படி அனுப்பி வைக்கவில்லை. அதுதான் அவள் தொண்டையில் மாட்டிய முள். ஞானமேரிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. செபமாலையை ஒற்றையில் சொல்ல மாட்டாள். முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை இன்னொருவர் பதிலாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது மாதா காதுக்குப் போகாது என்பாள். பதில் வராவிட்டால் அடுத்ததற்குப் போகவும் மாட்டாள். முதல் பாதியையே திரும்ப ஆரம்பிப்பாள். கோணிய வாயால் அவள் சொல்லும் செபம் முக்கால்வாசி எச்சிலாகத்தான் வரும். பகலும் ராத்திரியும் பீத்துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, அதற்கு மேல் வேளைக்கு வேளை கட்டிலோரம் முட்டி போட்டுப் பதிலும் சொல்ல சகாயராணிக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்கு மதியம் அவள் தன் அறையில் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். பாட்டு நின்றது. கிழவி ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது. பாட்டு தொடர்ந்தது, பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்றும் தெரிந்தது. நின்றது. தொடர்ந்தது. நின்றது. 'கெடக்கட்டும், கொஞ்சம் கழிச்சிப் போய்க்கலாம்' என்று தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எத்தனை தரம் நின்றதோ. அப்புறம் பாட்டு நிற்கவே இல்லை. ஒன்று முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று என்று தடங்கலே இல்லாமல் பாடியது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மாதக்கணக்கில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

எழுந்து போய்ப் பார்த்தபோது ஞானமேரியின் கண் கதவைப் பார்த்தபடி இருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே, யாராவது பிடிக்கட்டும் என்பதுபோல நீண்டு கிடந்தது. புருஷன் ஓடி வந்து "பக்கத்துல இருந்தியா" என்று கேட்டபோது அவள் வாயிலிருந்து "இருந்தேன்" என்று வந்துவிட்டது. வந்த சொல்லைத் திரும்ப விழுங்க அவளால் முடியவில்லை.

இன்று காலை, தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் குழுவின் பெண் ஜெனிஷா போன் செய்திருந்தாள். "அக்கா, ஞாயித்துக்கெழம முப்பதாம் நாள் பூசைல சாமியார் உங்களத்தான் பேசக் கூப்பிடப் போறாரு. அத்தையோட கடைசி நேரத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லணுமாம். சாயங்காலம் எங்க வூட்டுல செபத்துக்கு வந்துடுங்க, பேசிக்கலாம்." வருகிறேன் என்றாள். புருஷனிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் புடவை மாற்றப் போனவள் மாற்றாமலே திரும்பி வந்து தக்காளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பீடத்துக்கு முன்னால் நின்று, கர்த்தரையும் ஊரையும் பார்த்து, அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது?

பாட்டு நின்றது.

தொடர்ந்தது. நின்றது. கத்தியைக் கீழே வைத்தாள். எதற்கென்று தெரியாமலே உதடு அசைந்தது. அருள் நிறைந்த மரியே என்று முதல் பாதியை மனசுக்குள் சொன்னாள். அந்தப் பாதி முடிந்த இடத்தில் பாட்டு தொடர்ந்தது. பாட்டு ஓடும்போது மறுபாதியைச் சொன்னாள், மரண வேளைக்காக வேண்டிக்கொள்ளும் அந்தப் பாதியை. சொல்லி முடித்த இடத்தில் பாட்டு நின்றது. தற்செயல் என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிசகவில்லை. மூன்றாம் தரம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அங்கே யாரோ ஆரம்பித்துவிட்டுப் பதிலுக்கு நிற்கிறார்கள். பதில் இல்லை. திரும்ப ஆரம்பிக்கிறார்கள்.

அடுப்பை அணைத்தாள். நடையில் விளக்குப் போட்டுக்கொண்டு போய், அறைக் கதவைத் தள்ளி, உள்ளே பார்க்காமல் கையை மட்டும் நீட்டி ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினாள். பினாயில் வாசனைதான் இருந்திருக்க வேண்டும். அதற்கு அடியில் முகப்பவுடரும், புண் மருந்தும், நனைந்த துணியும் கலந்த அந்தப் பழைய வாசனை, கொல்லையில் வைத்து அவளே எரித்த மெத்தையின் வாசனை, சூடாக அவள் முகத்தில் பட்டது. பிளக் அவள் கையில் இருந்தது. மேஜை மேல் ஸ்பீக்கரின் பச்சை விளக்கு அணையவில்லை. சமையலறையில் பாட்டு நின்றது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஜெனிஷா வீடு அடுத்த தெருதான். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, புண்ணியவதி, நல்ல மரணம் கொடுத்தாயே என்பார்கள். அதைக் கேட்பதற்கு இந்த இருட்டே தேவலாம் என்று தோன்றியது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. கேட்டது பதில்தானே. இப்போதாவது சொல்லிவிட்டால் பொய் பாதியாவது மெய்யாகிவிடாதா?

அக்கம்பக்கம் கேட்க வேண்டாம் என்று கதவை உள்ளிருந்து சாத்தினாள். போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். கட்டிலோரம், முன்பு முட்டி போடும் அதே இடத்தில் முட்டி போட்டாள்.

"அத்த, நான் வந்துட்டேன்" என்றாள். "ஆரம்பிங்க."

ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கதவுக்கு அப்பால் பாட்டு நின்றது. அது தொடர்ந்ததும் அவள் மறுபாதியைச் சத்தமாகச் சொன்னாள். அவள் குரலுக்குப் பாட்டு நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. தொடர்ந்ததும் சொன்னாள். செபமாலையின் முதல் பத்து மணி முடிந்து அடுத்த பத்துக்குப் போனார்கள். போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, எப்படி என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள். மன்னிச்சிடுங்க அத்த, தூங்கிட்டேன், கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன், என்று நடுநடுவே சொன்னாள். முழு செபமாலையும் சொல்லி முடித்தபோது பாட்டு நிற்காமல் ஓடத் தொடங்கியது. ஒரு பாட்டு. இன்னொரு பாட்டு. பாரம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பேசிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். இடது கால் வரவில்லை.

மரத்துப்போயிருக்கும் என்று இடது கையை ஊன்றப் பார்த்தாள். அந்தக் கை மடியில் கிடந்தது. அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. உடம்பு மெல்லச் சாய்ந்து, தலை கட்டில் விளிம்பில் முட்டி நின்றது. வாயின் ஒரு ஓரத்திலிருந்து எச்சில் வழிவது தெரிந்தது. துடைக்க வலது கையை எடுத்தாள்.

எடுக்க முடியவில்லை. அந்தக் கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

வெளியே பைக் சத்தம். வாசல் கதவு. செருப்பைக் கழற்றும் சத்தம். மரிய ஆனந்த் வந்துவிட்டான்.

"ஏ... ங்..."

சொல் பாதியாகத்தான் வந்தது. இம்முறை அவள் குரலுக்கே பாட்டு நின்றது. வீடு முழுக்க நிசப்தம். கேட்டுவிடுவான். வந்துவிடுவான். மூச்சை இழுத்துத் திரும்பக் கூப்பிட்டாள். எச்சில்தான் வந்தது. பாட்டு தொடர்ந்தது.

"ஏங்..."

நின்றது.

"இன்னிக்கும் ஆரம்பிச்சிடுச்சா" என்று ஹாலில் அவன் முனகுவது கேட்டது. காலடிகள் நடைக்கு வந்தன. கதவுக்கு வெளியே நின்றன. கதவின் அடியில் ஒரு கோடு வெளிச்சம், அதில் அவன் கால் நிழல் இரண்டு. வந்து திற. திற. வெகுநேரம் நின்றான். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திறக்க அவனுக்கு மனசு வரவில்லை.

நிழல் விலகியது.

பிறகு அவன் போனில் பேசிப் பதிவு செய்யும் குரல், தாழ்வாக, ஆசையாக. "சகாயம், செபம் முடிச்சிட்டு மெதுவா வா, அவசரமில்ல. நீ கேட்ட மாதிரியே அம்மா ரூம் மைக்க போன்லயே ஆஃப் பண்ணிட்டேன். இனிமே பாட்டு நிக்காது."

தரையில் கவிழ்ந்திருந்த அவள் போனின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து அணைந்தது.

கூப்பிட்டாள். பாட்டு நிற்கவில்லை. கூப்பிட்டாள். குளியலறையில் தண்ணீர் திறந்துவிட்டு, பாட்டோடு சேர்ந்து அவனும் முணுமுணுத்தான்.

கட்டிலின் மேலிருந்து, அவள் காதுக்கு வெகு அருகில், பவுடர் வாசனையோடு ஒரு மூச்சு வந்தது. வலது கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. எச்சில் நிறைந்த குரல் ஒன்று நிதானமாக முதல் பாதியைச் சொல்லி முடித்தது.

பதிலுக்காகக் காத்திருந்தது.