கொதிகலன் அறையில் ஏழு பேர்

மூன்று நாள் மழையில் திருநின்றவூர் வாடகை வீட்டின் தரை, சுவர், மெத்தை எல்லாம் சில்லிட்டுக் கிடக்க, பின்னறைக் கதவு மட்டும் சுட்டது. ரேணுகா கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே பழைய பெட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை. வெளித்தாழ் போட்டபடியே இருந்தது.

மேசையில் அவள் எழுதிய புத்தகத்தின் கடைசிப் பிழைதிருத்தப் பிரதி. இரண்டாம் உலகப்போரில் குண்டு பட்டு மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலின் வரலாறு. கப்பல் நிறுவனம் தன் விழாவுக்காக எழுதச் சொன்னது. நிறுவனத்தின் பழைய காகிதக் கட்டுகளுக்குள், தப்பி வந்த ஒருவனின் வாக்குமூலம் கிடைத்தது. தண்ணீர் மேலே ஏறாதிருக்க, அதிகாரி சொல்லி, கொதிகலன் அறையின் இரும்புக் கதவை மேலிருந்து பூட்டினார்கள். உள்ளே கரி அள்ளிப் போடும் ஏழு பேர். ஒரு மணி நேரம் தட்டினார்கள்.

"விழா மலர்ல இது வேண்டாமே" என்றது நிறுவனம். அவள் வாதாடவில்லை. 'ஏழு பேரும் உலையை விட்டு வர மறுத்தார்கள்' என்று மாற்றி எழுதினாள். எழுதிய அன்று அந்த வாக்கியத்தின் அழகை ரசித்து, இரண்டு முறை வாய்விட்டுப் படித்ததை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசியது.

மதியம் மணவாளன் வந்தான். ஏழு பேரில் ஒருவரான ஏகாம்பரத்தின் கொள்ளுப்பேரன். வேப்பம்பட்டில் ஆட்டோ ஓட்டுபவன். பை நிறையக் கொய்யாப்பழம்.

"எங்க தாத்தா பேரு புக்ல கீதுங்களா மேடம்?"

"இருக்கு."

"இன்னா எய்திகீறீங்க?"

அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அவன் ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டான்.

"எங்க ஊட்ல எல்லாம் கரப்பான்பூச்சிக்கே ஓடுவோம் மேடம். அந்தாளு மட்டும் எப்டி நின்னாரோ." சிரித்தான். கண் கலங்கியிருந்தது. "என் பையங்கிட்ட சொல்லணும்."

இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கொய்யாப்பழத்துக்கு நன்றி சொன்னாள்.

ஆட்டோ போன சத்தம் அடங்கியதும் வாசம் வந்தது. எரிந்த கரியும் உப்புத் தண்ணீரும் வியர்வையும் கலந்து, பல நாள் மூடிக் கிடந்த இடத்தைத் திறந்தாற்போல் கனமாக, கூடத்தைத் தாண்டி மேசைவரை வந்து நின்றது. பிறகு தட்டல். கோபமில்லாத தட்டல். வெளியே ஆள் இருப்பது தெரிந்தவர்கள் தட்டுவதுபோல.

போன் அடித்தது. அச்சகத்துக் கனிமொழி.

"அக்கா, நாலு மணிக்கு மெஷின்ல ஏத்தணும். மாத்தறதுன்னா இப்பவே சொல்லுங்க."

ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்தால் போதும். மீதிப் பணம், அடுத்த வேலை, நிறுவனத்துக்காரர் முகம். தட்டல் வேகமானது. பல கைகள்.

"அக்கா? அங்க ஏதோ சத்தம் கேக்குது."

"ஒண்ணுமில்லடா" என்றாள். "ஏத்திடு."

தட்டல் நின்றது.

நின்றதுதான் பயங்கரம். மழையும் கேட்கவில்லை. கதவின் அடியிலிருந்து கறுத்த தண்ணீர் கசிந்து, அவள் பாதத்தைச் சுற்றி வந்தது. வெந்நீர். அதன் பின்னால் விரல்கள். கரி ஏறிய, நகம் பிய்ந்த விரல்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே, இந்தப் பக்கத்துக் காற்றைத் தடவின.

தாழ் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது.

ரேணுகா மண்டியிட்டாள். மணவாளன் தலை துவட்டிய துண்டை எடுத்தாள். அதை அந்த இடைவெளியில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். துணிக்குள் விரல்கள் அசைந்தன. இன்னும் அழுத்தினாள்.