கிணற்றுக்குப் போன கம்பி

இயந்திரத்தை நிறுத்திய பிறகும் ஒரு விளக்கு மட்டும் அணையவில்லை.

திருஞானசம்பந்தம் அதை எரிச்சலோடு பார்த்தான். முன்பலகையில் வரிசை வரிசையாக இருந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் அவன் விசையைத் தட்டியதும் அடங்கிவிட்டன. வலது ஓரத்தில் ஒன்று மட்டும் மங்குவதும் தெளிவதுமாக, அவசரமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தான். அது தன்பாட்டுக்கு மங்கியது, தெளிந்தது. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும். இந்த ஊரில் எதைத்தான் ஒழுங்காக முடுக்கியிருக்கிறார்கள்?

இந்த ஊர் காஞ்சிபுரம். அவன் பிறந்த ஊர்தான், அதனால்தான் அவ்வளவு வெறுப்பு. தெருவுக்கு ஒரு கோயில், வீட்டுக்கு ஒரு தறி, ஆளுக்கு ஒரு வெட்டிப் பெருமை. கான்பூரில் படித்து பம்பாயில் வேலை பார்த்தவனை நெசவாளர் கூட்டமைப்பு ஒன்று கூட்டிவந்து, சின்ன காஞ்சிபுரத்துப் பழைய வீடொன்றின் பின்கட்டில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தது. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் ஓடும் பெரிய ஏ.சி. ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். குழாய்களில் தண்ணீர் போவதும் வருவதுமான சத்தம் நாள் முழுக்கச் சுவருக்குள் கேட்டது. குளிரோடு சேர்ந்து பாசி வாடையும் வந்தது. இந்த எழுபத்தெட்டாம் வருடத்தில் இப்படி ஒரு அறை வேறு எந்த ஊரில் இருக்கிறது என்று செயலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். பாவம், அவருக்குப் பீற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது.

நாளைக்கு டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். இயந்திரத்தின் அடிநிரலுக்குள் யாரும் அத்துமீறி நுழைய முடிகிறதா என்று சோதிப்பார்கள். முடியாவிட்டால் சம்பந்தத்துக்கு டெல்லியில் தலைமைப் பதவி. முடிந்துவிட்டால் இதே பின்கட்டு, இதே பாசி வாடை, வீட்டில் அப்பாவின் தறிச் சத்தம், சாகிறவரைக்கும்.

அந்த அடிநிரலுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். மற்ற நிரல்கள் எதைச் செய்வதானாலும் அதனிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நினைவகத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றுவதானாலும் அதுதான் மாற்றித் தரும். ஆனால் கேட்கிறவன் கொடுக்கும் முகவரி அவனுடைய இடம்தானா என்று அது பார்ப்பதே இல்லை. அடுத்தவன் இடத்தைக் கொடுத்தாலும் போய் எழுதிவிட்டு வரும். தன் இடத்தையே கொடுத்தாலும் தன்னையே கிறுக்கிக்கொள்ளும். வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரி. சம்பந்தம் வாரம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி அடைத்துவிட்டான். இனி முகவரியைச் சரிபார்க்காமல் சூப்பர்வைசர் ஒரு துரும்பையும் அசைக்காது. யாராவது எல்லை மீறினால் ‘அனுமதி இல்லை’ என்று டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் அடித்துக் காட்டும்.

பாக்கி இருந்தது ஏழாம் வழி. இயந்திரத்திலிருந்து வெளியே போகும் வழிகளில் ஒன்றில் டெலிபிரிண்டர் இருந்தது, ஒன்றில் காகித டேப்பில் நிரலைத் துளைக்கும் கருவி இருந்தது, இப்படி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று. ஏழாவதில் எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் யார் கேட்டாலும் திறந்துவிடும்படி சூப்பர்வைசரில் எழுதியிருந்தது. அதன் கம்பி தரைக்கடியில் ஓடி, சுவரைத் துளைத்து, கொல்லைக் கிணற்றுக்குள் இறங்கியது.

இந்தக் கூத்தை அடித்து வைத்திருந்தவர் அனந்தநாதன். ஏனாத்தூர்ப் பக்கத்துச் சமணர், நைனார் என்று கூப்பிடுவார்கள். சம்பந்தம் வருவதற்கு முன்னால் இந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது என்று தினமும் வெளிச்சம் இருக்கும்போதே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம். குடிக்கிற தண்ணீர்க் குழாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். இப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தவர்களை என்ன சொல்ல?

மதியம் அவரே வந்தார், விட்டுப்போன குடையை எடுத்துக்கொண்டு போக. குடையை எடுக்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இன்னும் போகலியா அது?”

“உங்க வயரிங் லட்சணம், நைனாரே.”

“வயரிங் இல்லபா. நீ அடைச்சதெல்லாம் சரிதான், நான் ஒத்துக்கிறேன். அந்த ஏழாவதை மட்டும் விட்டுடு.”

“எதுக்கு? கிணத்துக்குப் பிரிண்ட் எடுத்துக் குடுக்கவா?”

அவர் சிரிக்கவில்லை. “நாங்க தண்ணிய வடிகட்டிக் குடிக்கிறவங்க, தெரியுமில்ல? வடிகட்டிட்டுத் துணிய உதறிட மாட்டோம். எந்தக் கிணத்துத் தண்ணியோ அதே கிணத்துல அலசி விடுவோம். துணியில சின்னச் சின்ன உயிர் மாட்டிக்கினு இருக்கும், அது பொழைக்கணுமில்ல? இந்த மெஷின் பொழுதன்னைக்கும் அந்தத் தண்ணியில குளிர்ந்துக்கினு இருக்குது. ஏதோ ஒண்ணு உள்ள வந்து மாட்டிக்குது. ஓரறிவு உயிர்தான்பா. தொட்டாத் தெரியும், அவ்ளோதான். ருசி தெரியாது, மோப்பம் தெரியாது, கண்ணு காது கெடையாது. பொழுது சாயறதுக்குள்ள வழிய விட்டா அது பாட்டுக்குப் போயிடும்.”

“வுடலன்னா?”

“தெரியாது. ஒரு நாளும் வுடாம இருந்ததில்ல.”

சம்பந்தம் வாய்விட்டுச் சிரித்தான். “எம் பேரு திருஞானசம்பந்தம். இந்தப் பேரைக் கேட்டாலே உங்காளுங்க ஓடணும். நீங்க எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?”

“பேர்ல என்னபா இருக்குது,” என்று குடையை எடுத்துக்கொண்டார் அனந்தநாதன். “பொழுதோட வீட்டுக்குப் போயிடு.”

அவர் தலை மறைந்ததும் சம்பந்தம் ஏழாம் வழியை அடைத்தான். புதிய நிரலை டேப்பில் துளைத்து ஏற்றி முடிப்பதற்குள் மணி ஆறாகிவிட்டது. பழைய டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டான். வலது ஓர விளக்கு சட்டென்று அணைந்தது. பார்த்தாயா, வெறும் இணைப்புக் கோளாறு!

பிளாஸ்க்கைத் திறக்கப் போனபோது டெலிபிரிண்டர் ஒரு வரி அடித்தது. அனுமதி இல்லை. பக்கத்தில் ஒரு முகவரி. உடனே இன்னொரு வரி; அதற்கு அடுத்த முகவரி. இயந்திரத்தில் சூப்பர்வைசரைத் தவிர வேறு எந்த நிரலும் ஏற்றப்பட்டிருக்கவில்லை, ஆனாலும் முன்பலகை விளக்குகள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக எரிந்து அணைந்தன, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு கதவைத் தேடுவது போல. அவன் அடைத்த ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் ஏதோ போய் முட்டியது. ஒவ்வொன்றும் அதைத் திருப்பி அனுப்பியது. முதலில் சம்பந்தத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டெல்லிக்காரர்கள் நாளைக்குச் செய்யப்போகும் சோதனையை யாரோ இன்றைக்கே செய்து பார்க்கிறார்கள், ஒன்றும் அசையவில்லை. தாள் சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது. கடைசி முகவரி வந்தது. கடைசி மறுப்பும் அச்சானது. டெலிபிரிண்டர் நின்றது.

விசைகளின் மேல் வைத்திருந்த விரல் நுனியில் ஏதோ பட்டது. மின்சாரம் இல்லை. மின்சாரம் அடிக்கும், இது தடவியது. நகத்தைத் தடவி, கணுவைத் தடவி, மணிக்கட்டில் கொஞ்சம் நின்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஏ.சி. குளிர், வேறென்ன. அந்தக் கிழவர் பேசிவிட்டுப்போன பேச்சு.

டீயைக் குடித்தான். சூடு தெரிந்தது, டீ தெரியவில்லை. வெந்நீர் கூட ஏதோ ஒரு ருசியாக இருக்கும், இது அதுவாகவும் இல்லை. முக்குக் கடைக்காரன் சர்க்கரை போட மறந்துவிட்டான், டீத்தூளும் போட மறந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பாக்குத்தூளை எடுத்து வாயில் போட்டு மென்றான். மண்ணைப் போல நறநறத்தது. மண்ணுக்கு இருக்கும் ருசியும் இல்லை.

இயந்திரத்துக்குள் எங்கோ, ஒரு மிகச் சின்னச் சத்தம். நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரி.

சம்பந்தம் எழுந்து நின்றான். வைகாசித் திருவிழா நடக்கிறது. பெருமாள் புறப்பாட்டுக்கான மேளம் தூரத்தில் கேட்கிறது, வாசலில் காவல்காரர் வீரபாகு உட்கார்ந்திருக்கிறார், முன்கட்டைத் தாண்டினால் தெரு. போய்விடலாம். ஆனால் இப்படியே போட்டுவிட்டுப் போய் நாளைக்கு அதிகாரிகள் முன்னால் இயந்திரம் தானாக ஏதாவது அடித்தால்? டெல்லி போயிற்று. ஒரு நைனார் சொன்ன கதையைக் கேட்டு ஓடினான் என்று இந்த ஊர் சிரிக்கும். இந்த ஊரா அவனைப் பார்த்துச் சிரிப்பது? உட்கார்ந்தான்.

அப்போதுதான் கவனித்தான், பாசி வாடை இல்லை. சூடேறிய கம்பிகளின் வாடை இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்து இழுத்தான், காலையில் தடவிய தேங்காயெண்ணெய்க்காக முடியைக் கோதி விரலை முகர்ந்தான். ஒன்றுமில்லை. இயந்திரத்தின் காற்றுத் துவாரத்திலிருந்து காற்று வெளியே வரவேண்டும். அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவன் பக்கத்திலிருந்து. நீளமாக. விட்டு விட்டு.

மோந்து பார்த்தது.

பயந்துவிட்டான். அதை இனி தனக்குத் தானே மறைக்க முடியவில்லை. டெல்லி நாசமாகப் போகட்டும். ஏழாம் வழியைத் திறந்துவிட வேண்டும். பழைய டேப்? கூடையில், துண்டு துண்டாக. கையாலேயே அடிக்க வேண்டியதுதான். கட்டளையை அடிக்க ஆரம்பித்தான். பாதியில் எழுத்துகள் மங்கின. மின்சாரம் குறைகிறதென்று நிமிர்ந்து குழல் விளக்கைப் பார்த்தான். சாம்பல் நிறக் கோடு. பிறகு அந்தக் கோடும் இல்லை.

கண்ணைக் கசக்கினான். திறந்துதான் இருந்தது.

எதிரே, முன்பலகை இருந்த திசையிலிருந்து, யாரோ தன்னைப் பார்ப்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. தெரிந்தது.

தடவித் தடவி மீதிக் கட்டளையை அடித்தான். டெலிபிரிண்டர் பதில் சொன்னது. படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். அந்தத் தட்டல் அவனுக்கு மனப்பாடம், அவனே எழுதியது. அனுமதி இல்லை. மறுபடி அடித்தான். அனுமதி இல்லை. மறுபடி. யாருக்கும் வழி விடாதபடிதானே அடைத்திருந்தான். ‘எனக்குக் கூடவா’ என்று கத்தப் போனான்.

“சார்.”

வீரபாகுவின் குரல். கதவருகே. கடவுளே!

“பொழுது சாஞ்சிட்ச்சி சார். பூட்டிடலாமா? பெருமாள் வர்ற நேரம்.”

‘வீரபாகு, கையைப் பிடி, வெளியே இழு’ என்று கத்தினான். வாய் அசையவில்லை. வாய் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

“பூட்டிடலாம்பா.” சம்பந்தத்தின் குரல்தான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்துதான் வந்தது. ஆனால் அவனுக்கு அது எட்டத்திலிருந்து, மேலேயிருந்து கேட்டது. “நானும் வரேன். நடந்தே போலாமா? மல்லிப்பூ வாசனை என்னமா வருது பாரு!”

“வாங்க சார்,” வீரபாகு சிரித்தார். “இன்னிக்குத்தான் சார் நல்லாப் பேசறீங்க. வந்த நாள்லேருந்து எங்கள மனுசனாவே மதிக்கலியே நீங்க.”

“இனிமே பேசுவேன்.”

நாற்காலி தள்ளப்பட்டது. அவனுடைய செருப்பு, அவனுடைய நடை, கதவை நோக்கி. சாவிக்கொத்து குலுங்கியது. தெருவில் நாகசுரம் மேலேறியது. பூட்டில் சாவி நுழைந்தது, திரும்ப ஆரம்பித்தது.

அது திரும்பி முடிந்த சத்தம் வரவில்லை.

எந்தச் சத்தமும் வரவில்லை.

பிறகு ஏதோ பட்டது. சின்னது. வட்டமானது. குளிர்ந்த இரும்பு வளையம். அதன் நடுவே ஒரு கம்பி. கம்பியோடு போனான். இன்னொரு வளையம். இந்த இயந்திரத்தின் நினைவகம் அப்படிப்பட்டதுதான், கம்பிகளும் அவற்றில் கோத்த வளையங்களும். மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே இருப்பதை விடாது. இன்னொரு வளையம். ஏழாம் வழி இருந்த இடம். தொட்டான். வழவழவென்று, விளிம்புகூட இல்லாமல், அருமையாக அடைத்திருந்தது.

அடுத்த வளையம்.

அடுத்தது.